இரைச்சலைக் கழுவிய மாதங்கள்

என் மனைவிக்கு முதல் ஊசி போட்டது தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. எழுபதுகளின் நடுப்பகுதி, தூத்துக்குடியின் புதிய துறைமுகத்தில் கப்பல்கள் அணையத் தொடங்கியிருந்த காலம். வருடமும் தேதியும் என் டைரியில் இருக்கின்றன. இங்கே மாதமும் கிழமையும் போதும்.

அவளுக்கு நுரையீரலில் காசநோய். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளியில் ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்து நீண்ட விடுப்பு எடுத்திருந்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் பத்து வருடமாகப் பாடிவந்தவள், அதையும் நிறுத்தியிருந்தாள். ஊசி எழுதிக் கொடுத்த டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னது இது:

"இந்த ஊசி நெஞ்சைக் காப்பாத்திரும். ஆனா சில பேருக்குக் காதைத் தொடும். இரைச்சலோ தலைசுத்தலோ, கேக்குறதுல எந்த மாத்தமோ வந்தா அன்னைக்கே வந்து சொல்லணும். வேற மருந்துக்கு மாத்தலாம். ஆனா அதுக்கு இந்த அளவு பலம் கிடையாது. வெறும் சந்தேகத்துக்காக மாத்திட்டு நோய் முந்திக்கிட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. நிச்சயமாத் தெரியணும்."

'நிச்சயமாக' என்று டைரியில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு இட்டேன். நான் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஐந்தைந்து கோடுகளாகக் குறித்து, எண்ணிக்கை சரிபார்த்துக் கொடுப்பது வேலை. எதையும் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த ஆள்.

மாசி முதல் வாரத்தில், ஒரு ஞாயிறு மதியம், வீணை ரெக்கார்டு கேட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, இதுல என்னமோ இரையுதே. ஒங்களுக்குக் கேக்கா?"

எனக்கும் கேட்டது. கேட்காமல் எப்படி இருக்கும்? வீட்டில் பதினான்கு ரெக்கார்டுகள் இருந்தன. கப்பலில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் துறைமுகம் துறைமுகமாக வாங்கிவந்து கொடுத்தவை. எங்கள் வீட்டு ஜன்னல் கடலைப் பார்த்தது. உப்புக்காற்றும் நிலக்கரித் தூசியும் சேர்ந்து, காலையில் துடைத்த மேஜையில் மதியம் பெயர் எழுதலாம். ரெக்கார்டின் கோடுகளுக்குள் அது எத்தனை வருடமாக இறங்கிக் கிடந்ததோ. ஊசிமுள்ளை வைத்தால் முறுக்கு கடிப்பதுபோலச் சத்தம். போதாததற்கு இரண்டு தெரு தள்ளி நூல் மில் இரைந்துகொண்டே இருக்கும்.

ரெக்கார்டு இரைகிறதா, மில் இரைகிறதா, அவள் காது இரைகிறதா? பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "இப்பக் கேக்கா?"

கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தாள். "கேக்க மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. சரியாச் சொல்லத் தெரியல."

அந்த வாரம் முழுக்க அதே பதில்தான். நான் டாக்டரிடம் போய் என்ன சொல்வது? நெஞ்சைப் பணயம் வைத்து ஊசியை நிறுத்து என்றா, காதைப் பணயம் வைத்துத் தொடர் என்றா? துறைமுகத்தில் மூட்டை எண்ணும்போது இரண்டு தடவை கணக்குத் தவறினேன். பதினோரு வருடத்தில் அது முதல் தடவை.

வழி ஒன்று தோன்றியது. ரெக்கார்டில் இருக்கும் சத்தத்தை முழுக்க நீக்கிவிட வேண்டும். சுத்தமான ரெக்கார்டிலும் அவளுக்கு இரைச்சல் கேட்டால் அது காதில் இருக்கிறது. அப்போது டாக்டரிடம் நிச்சயமாகச் சொல்லலாம். ரெக்கார்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். அழுக்கு மேலேயிருந்து இன்னும் உள்ளே போனதுதான் மிச்சம். பிறகு, எடைக்கு வாங்கி வைத்திருந்த பழைய அயல்நாட்டுப் பத்திரிகைகளில் ஒன்றில் அரைப்பக்கக் குறிப்பு படித்தது நினைவுக்கு வந்தது. அங்கே வானொலி நிலையங்களில் ரெக்கார்டைச் சுழலவிட்டு, நனைத்து, தூரிகையால் தேய்த்து, அந்த அழுக்குத் தண்ணீரை ஒரு குழாயால் உறிஞ்சி எடுக்கிறார்களாம். படம் இல்லை. உறிஞ்ச வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

துறைமுகச் சாலையில் ஒரு காயலான் கடை இருந்தது. கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். உடைத்த கப்பல் சாமான்களுக்கு நடுவே தரைவிரிப்பு சுத்தம் செய்யும் மிஷின் ஒன்று கிடந்தது.

"இது என்னத்துக்கு, கிளார்க் தம்பி?"

"ரெக்கார்டு கழுவணும், காக்கா."

"ரெக்கார்டு கழுவ ஒரு வாளித் தண்ணி போதாதாக்கும்?"

"கழுவினா மட்டும் பத்தாது. உறிஞ்சணும்."

"உறிஞ்சணுமாம்லா." பக்கத்தில் இரும்பு நிறுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "இது கேப்டன் ரூம் கம்பளத்த உறிஞ்சுன மிஷினு, தம்பி. ஒங்க பாட்டையும் சேத்து உறிஞ்சிறாம பாத்துக்கிடுங்க."

மிஷினைத் துறைமுக ஒர்க்‌ஷாப் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்து மனிதர். யாரைப் பார்த்தாலும் கேலி.

"என்ன வே, இது நூத்திப்பத்து வோல்ட்டு சாமான். வீட்டுப் பிளக்குல சொருகிப் பாத்தீரா?"

"இன்னும் இல்ல."

"நல்லது. சொருகியிருந்தா ஒம்ம தெருவுக்கே மெழுகுவத்தி நீருதான் வாங்கிக் குடுக்கணும்." பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தேடியெடுத்துத் துடைத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவரிடம் உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு என்னிடம் அவர் கேலி பேசவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மற்றவற்றையும் பொறுக்கிச் சேர்த்தேன். கொழும்பிலிருந்து தேயிலை வந்த பெட்டியின் ஒட்டுப்பலகையை வட்டமாக அறுத்தேன். சைக்கிள் முன்சக்கரத்தின் நடுவே சுழலும் ஹப்பை நட்டுவைத்து அதன்மேல் அந்த வட்டத்தைப் பொருத்தியதும் கையால் சுற்றும் தட்டு தயார். ஊறுகாய் ஜாடியின் வாயில் ரப்பர் அடைப்பு, அடைப்பில் இரண்டு ஓட்டை: ஒன்றில் மிஷினுக்குப் போகும் குழாய், இன்னொன்றில் ரெக்கார்டிலிருந்து வரும் குழாய். அழுக்குத் தண்ணீர் ஜாடியிலேயே தங்கிவிடும். ரெக்கார்டின் மேல் படியும் பித்தளைக் குழாயில் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடால் நீளமாக ஒரு கீறல் போட்டேன். பித்தளை நேராகப் பட்டால் ரெக்கார்டு கீறும் என்பதால், அவளுடைய நகைப்பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த வெல்வெட்டை அவளே பிரித்தெடுத்துத் தந்தாள். பட்டுப்புடவை அலசுகிற பூந்திக்கொட்டை நுரைதான் ரெக்கார்டுக்கும் நல்லது என்று சொன்னதும் அவள்தான்.

முதல் நாள் கீறல் அகலமாகிவிட்டதால் உறிஞ்சல் இல்லை. புதுக் குழாய் வெட்ட நான்கு நாள் ஆயிற்று. இரண்டாம் தடவை ஜாடி நிரம்பியதைக் கவனிக்காமல் தண்ணீர் மோட்டாருக்குள் போய்ப் புகைந்தது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிக் காயவைத்துத் திருப்பித் தர ஒன்பது நாள். அப்போது வாரம் இரண்டு ஊசி, செவ்வாயும் வெள்ளியும். நான் குழாய் வெட்டிய நாட்களில் ஓர் ஊசி போயிற்று. மோட்டார் காய்ந்த நாட்களில் மூன்று. ஒவ்வொரு தடவையும் மருத்துவமனை வாசலில் நின்று, உள்ளே போய் ஏதாவது சொல்லலாமா என்று யோசிப்பேன். சொல்ல என்னிடம் சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

பங்குனி கடைசி வாரம், வியாழக்கிழமை, எந்திரம் ஓடியது. ஜாடியில் இறங்கிய தண்ணீர் காப்பித்தூள் கரைசல் போல இருந்தது. வீணை ரெக்கார்டைக் காயவிட்டுப் போட்டோம். முறுக்குச் சத்தம் பாதி போயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்து, "அழுக்குத் தண்ணியப் பாத்து அழுத ஆம்பிளைய இப்பத்தான் பாக்கேன்" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு முறை வகுத்துக்கொண்டோம். நான் வேலைக்குப் போனபின் பகலில் அவள் வீணை ரெக்கார்டின் முதல் பக்கத்தைக் கேட்க வேண்டும். இடையில் காதில் படும் ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒவ்வொரு கரகரப்புக்கும் தாளில் ஒரு கோடு. நான் மூட்டைக்குப் போடுவதுபோல ஐந்தைந்தாக. வாரத்துக்கு இரண்டு தடவை ரெக்கார்டைக் கழுவுவோம். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கையை நோட்டில் ஏற்றுவேன்.

முதல் வாரம் நூற்று முப்பத்தெட்டு. அடுத்த வாரம் தொண்ணூற்றாறு. பிறகு அறுபத்தொன்று. சித்திரை நடுவில் முப்பது. எண்ணிக்கை கீழே வந்துகொண்டே இருந்தது. முக்கியமாக, ரெக்கார்டு இரைவதாகவும் அவள் இப்போது சொல்வதில்லை. காதில் கோளாறு இருந்தால் இரைச்சல் கூடத்தானே வேண்டும்? குறைகிறதே. ரெக்கார்டின் அழுக்குதான் எல்லாம் என்று முடிவுகட்டினேன். டாக்டர் "காதுல ஏதாவது?" என்று வாராவாரம் கேட்டபோது, "ஒண்ணும் இல்ல, டாக்டர். நாங்க சோதிச்சுக்கிட்டே இருக்கோம்" என்று நான்தான் பதில் சொன்னேன். அவளைப் பேசவிடவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும். சில மாலைகளில் அவளோடு சேர்ந்து நானும் கேட்டேன். அவள் கோடு போடாத இடங்களில் எனக்கு டிக் டிக் என்று கேட்டது. "இங்கன ஒண்ணு விழுந்துச்சே" என்றால், "ஒங்களுக்கு எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கணும்" என்பாள். நானும் சிரித்தேன். நான் கேட்டதை நோட்டில் ஏற்றவில்லை. அது அவள் காதுக்கான நோட்டு என்று நினைத்தேன்.

சித்திரை முடியும் நேரத்தில் தண்ணீர்க் கஷ்டம் முற்றியது. எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டுக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க எல்லாம் அதுதான். நல்ல தண்ணீரைத் தொண்டைக்கும் உலைக்கும் தவிர வேறெதற்கும் தொடமாட்டார்கள். ரெக்கார்டுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். குடத்தோடு வரிசையில் நின்றது நான் என்றாலும் ஏச்சு வாங்கியது அவள்.

எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் குழாயடியிலிருந்தே சத்தமாகக் கேட்டாளாம்: "ஏளா டீச்சரு, எங்க வீட்டுப் புள்ளைக்குத் தலைக்கு ஊத்தி நாலு நாளாவுது. ஒங்க வீட்ல பாட்டுத்தட்டுக்கெல்லாம் நல்ல தண்ணியில குளிப்பாம்லா. எண்ணெ தேச்சு விடுதியளா?"

அந்த வாரம் ஐந்து நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கேயோ குழாய் உடைப்பு. ஐந்தாம் நாள், புதன்கிழமை, வீட்டில் அரைக்குடம் நல்ல தண்ணீர் இருந்தது. கழுவ வேண்டிய நாளும் அதுதான். அவள் என்ன செய்தாள் என்பதைப் பிறகு சொன்னாள். குடிக்கவே போதாதபோது ரெக்கார்டுக்கு ஊற்ற மனம் வரவில்லை. கிணற்றில் ஒரு செம்பு இறைத்து நுரை கலந்து ரெக்கார்டைத் தேய்த்திருக்கிறாள். உறிஞ்சுவதற்கு மிஷினைப் போட்ட நேரம் கரண்ட் போய்விட்டது. ரெக்கார்டை ஜன்னலோரம் சாய்த்துவைத்தாள். கரண்ட் திரும்பி வருவதற்குள் கடல்காற்றில் அது தானாகக் காய்ந்தது. இந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரை ஒரு தட்டில் வைத்துக் காயவிட்டால் என்ன மிஞ்சும் என்று உப்பளம் பார்த்து வளர்ந்த எங்களுக்குத் தெரியாதா? ஆனால் பிறந்ததிலிருந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவது அந்தத் தண்ணீரில்தான். யாருக்கும் தோன்றாது.

அன்று மாலை ஐந்தரைக்கு நான் தெருமுனையில் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் மணலை வாரி இறைத்துக்கொண்டே இருப்பது போன்ற சத்தம். அதற்கு அடியில் வீணை எங்கோ இருந்தது. எந்திரம் உடைந்து ஏதோ உரசுகிறது என்று நினைத்து ஓடினேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தாள், கையில் பென்சில். ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கறுப்பின் மேல் வெள்ளையாகச் சன்னமாக உப்பு பூத்திருந்தது. ஊசிமுள் அந்த உப்பை அரைத்துக்கொண்டு போனது. அந்த அறையில் நின்று பேச முடியாத அளவுக்குச் சத்தம்.

என்னைப் பார்த்ததும் தாளைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஒரு கோடும் இல்லை.

"இன்னைக்கு ஒண்ணுகூட இல்லங்க. எவ்வளவு சுத்தமா இருக்கு, பாத்தியளா."

முதலில் எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் பொய். பார்த்த நொடியே புரிந்தது. புரிந்ததை ஏற்கத்தான் நேரமாயிற்று. பாட்டு முடியும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீணையின் கீழ்த்தந்திகள் வரும் இடங்களில் தலையசைத்தாள். மேலே ஏறிப் போகும் இடங்களில் காத்திருந்தாள்.

பிறகு நோட்டை எடுத்தேன். நூற்று முப்பத்தெட்டு, தொண்ணூற்றாறு, அறுபத்தொன்று, முப்பது, பதினொன்று. எந்திரம் கொஞ்சம் கழுவியிருந்தது. மிச்சத்தை ஊசி கழுவியிருந்தது. டிக் என்பது மெல்லிய, மேல்ஸ்தாயி ஓசை; அவள் காதில் முதலில் போனது அதுதான். நான் கூடிக்கொண்டு போகும் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். காணாமல் போன சத்தம் ஒவ்வொன்றையும் வெற்றி என்று ஏற்றியிருந்தேன், ஞாயிறுதோறும், என் கையெழுத்தில்.

மறுநாள் விடியற்காலையிலேயே மருத்துவமனைக்குப் போனோம். ஊசி நாள் இல்லை. டாக்டர் வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவர் அவளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தை அவள் காதருகே கொண்டுபோனார். ஒரு முழம், ஒரு சாண், பிறகு காதோடு ஒட்டி. "கேக்குதா?" என்றார். அவள், "எது, டாக்டர்?" என்று கேட்டாள்.

அடுத்து, தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் இரும்புக் கவைகளைத் தட்டிக் காதருகே பிடித்தார். கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய கவை கேட்டது. சின்னது கேட்கவில்லை. இடது காது இன்னும் மோசம்.

"எப்பலேர்ந்து?" என்று என்னிடம் கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கழுவிய கிழமை, கேட்ட நேரம், எண்ணிக்கை, ஊசி எண். "இவ்வளவு துல்லியமா யாரும் எழுதிக்கொண்டு வந்து நான் பாத்ததில்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

"மருந்தை இன்னைக்கே மாத்திருதேன். போனது திரும்பாது, ஒங்ககிட்ட மறைக்கல. உடம்புல இருக்குற மருந்து வெளியேறுற வரைக்கும் இன்னும் கொஞ்சம் போகலாம். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டது அவள். டாக்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாளாக இப்படி உதட்டைப் பார்க்கிறாள் என்று யோசித்தேன். என்னிடம் அதற்குக் குறிப்பு இல்லை.

"சில வாரம்" என்றார் டாக்டர்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது அவள் கேட்டாள்: "நேத்து ரெக்கார்டுல என்ன இருந்துச்சு? ஒங்க மூஞ்சி செத்துப்போச்சே."

"உப்பு. கிணத்துத் தண்ணி காஞ்சு."

"நான் ஊத்துனதா?" நின்றுவிட்டாள். "ரெக்கார்டு போச்சா?"

போய்விட்டது என்றேன். முள் உப்பை அழுத்திக் கோடுகளைச் சிதைத்திருந்தது. மறுபடி கழுவிப் பிரயோஜனமில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். தெருவில், வெயிலில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. கடிகாரம் கேட்காதபோது அழாதவள். நான் கையைப் பிடித்ததும், "நீங்க இன்னைக்கு வேலைக்குப் போவாண்டாம்" என்றாள். "மிச்சம் பதிமூணு இருக்குல்லா. எல்லாத்தையும் போடுங்க. வரிசையா. இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கோ, அதுக்குள்ள கேட்டுருதேன்."

கதவையும் ஜன்னலையும் சாத்தினோம். மே மாதப் புழுக்கம். நாற்காலியை ஒலிபெருக்கிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள், வலது காது அதன் பக்கம். முதல் இரண்டு ரெக்கார்டுகள் சும்மா கேட்டாள். மூன்றாவது, ஏதோ ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டு. பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

"இந்த இடத்துல மேல்குரல் ஏறும். நாங்க பாடியிருக்கோம். எனக்கு ஒண்ணும் வரல. இப்ப அங்கன என்ன கேக்கு ஒங்களுக்கு? சொல்லுங்க."

முள்ளைத் திருப்பி அதே இடத்தில் வைத்தேன். இருபது வருடமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன். அந்தச் சத்தத்துக்கு ஒரு வார்த்தை தேடினேன்.

"மெல்லிசா... மேல... கம்பி மாதிரி."

"கம்பிக்கு ஏது சத்தம்? எது மாதிரி இருக்குன்னு சொல்லுங்க."

"மணி மாதிரி."

"எந்த மணி? கோயில் மணியா?"

"இல்ல, அது கனம். இது சின்னது. சைக்கிள் மணி இருக்குல்லா, தூரத்துல வரும்போது, அது மாதிரி."

ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சைக்கிள் மணி," என்றாள். "இந்தத் தெருவுல தெனமும் எத்தன சைக்கிளு போவுது. அது கேட்டு எத்தன நாளாச்சுன்னே தெரியலியேங்க."